உலோக இடுப்பு மூட்டுக்கு மசகு எங்கிருந்து வருகிறது?

தேய்ந்தோ முறிந்தோ பயனற்றுப்போன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அறுவை மருத்துவர்கள் பொருத்தும் பந்தும் கிண்ணமுமே செயற்கை இடுப்பு மூட்டு. தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டின் உச்சியில் பந்து இருக்கும். கிண்ணம் இடுப்பெலும்பில் பதிந்திருக்கும். பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த உலோகக் கலவையால் ஆனவையாக இருந்தால் அதனை 'உலோகத்தின் மேல் உலோகம்' வகை மூட்டு என்பர். இக்கட்டுரை பெரும்பாலும் அவ்வகையைப் பற்றியது. இன்று பொருத்தப்படும் மூட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. உலோகப் பந்தோ பீங்கான் பந்தோ பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுழல்வதே இப்போதைய வழக்கம். எனவே வீட்டில் யாருக்காவது இடுப்பு மாற்று அறுவை நடந்திருந்தால், பின்வருவதைப் படித்து உடனே அஞ்ச வேண்டியதில்லை.

மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விடாமல் மூன்று மாதம் ஓட்டினால் அது கிறீச்சிடத் தொடங்கும். இடுப்பு மூட்டோ நடக்கும் ஒருவரின் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை அசைகிறது. ஆய்வகங்களில் மூட்டுகளைச் சோதிப்போர் ஓராண்டுக்கு இந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பளு அதன் மேல் விழுகிறது. பெர்லினில் ஆய்வாளர்கள் அளவிடும் கருவியை மூட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தபோது, கால் தடுக்கித் தடுமாறும் ஒரு கணத்தில் அந்தப் பளு எட்டு மடங்கையும் எட்டியது. இவ்வளவையும் தாங்கும் மூட்டை உள்ளே வைத்துத் தைத்த பிறகு எண்ணெய் விட வழியே கிடையாது. ஆனாலும் பல உலோக மூட்டுகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கின்றன. அப்படியானால் மசகு எங்கிருந்து வந்தது?

இயற்கை மூட்டில் இருப்பது

பள்ளிப் பாடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். தொடை எலும்பின் உருண்டைத் தலையும் அது அமரும் குழியும் வழவழப்பான குருத்தெலும்பால் போர்த்தப்பட்டிருக்கின்றன. மூட்டைச் சுற்றியுள்ள பையின் உட்சவ்வு ஒரு திரவத்தைச் சுரக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு போன்று இழுபடும் இத்திரவம் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். இரத்தத்திலிருந்து வடிந்த நீர், புரதங்கள், அதற்குக் கொழகொழப்பைத் தரும் ஹைலுரோனிக் அமிலம், குருத்தெலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் லூப்ரிசின் என்னும் புரதம் ஆகியவை இதில் உள்ளன. குருத்தெலும்பும் தன்னுள் நீரை உறிஞ்சி வைத்திருந்து, அழுத்தும்போது வெளிவிடுகிறது. இதனால் இயற்கை மூட்டின் உராய்வு பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி சறுக்குவதைவிடவும் குறைவு.

அறுவையின்போது குருத்தெலும்பு முழுவதும் போய்விடுகிறது. மூட்டுப் பையையும் பெரும்பாலும் வெட்டித் திறக்கிறார்கள். ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. புண் ஆறும்போது செயற்கை மூட்டைச் சுற்றிப் புதிதாக ஒரு பையைக் கட்டிக்கொள்கிறது. அந்தப் பையும் திரவம் சுரக்கிறது. பழையதைவிட நீர்த்ததுதான், ஆனாலும் அதிலும் புரதங்கள் உண்டு. செயற்கை மூட்டுக்குக் கிடைக்கும் முதல் மசகு இது. வெளியிலிருந்து மருத்துவர் எதையும் ஊற்றுவதில்லை.

திரவம் மட்டும் போதுமா?

இதற்கு விடை காண, மூட்டை விட்டு ஒரு நிமிடம் இரயில் வண்டிக்குச் செல்வோம். 1880களில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்னும் பொறியாளர் இரயில் அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக அத்துளை வழியாக வெளியே பொங்கி வந்தது. அடைப்பானை வைத்து மூடினார். அதையும் எண்ணெய் தள்ளி வெளியேற்றியது. சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது என்றும், அங்கே உண்டாகும் அழுத்தம் அச்சின் பளுவையே தாங்கும் அளவுக்குப் பெரியது என்றும் 1886இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். அதாவது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை, எண்ணெயின் மேல் மிதக்கிறது. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் காரின் சக்கரம் தரையை விட்டு நீரின் மேல் வழுக்குவதும் இதே நிகழ்ச்சிதான்.

இப்படி மிதக்க மூன்று வேண்டும்: வேகம், கொழகொழப்பான திரவம், வழவழப்பான பரப்பு. இடுப்பு மூட்டில் மூன்றாவது உண்டு. நன்றாக மெருகேற்றிய உலோகப் பந்தின் மேடுபள்ளங்கள் பத்து நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். நமது தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70,000 நானோமீட்டர் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். மற்ற இரண்டில்தான் தட்டுப்பாடு. நடக்கும்போது பந்து கிண்ணத்துக்குள் வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில்தான் வழுக்குகிறது. அதுவும் இரயில் அச்சுபோல் ஒரே திசையில் சுழல்வதில்லை. முன்னே போய், நின்று, பின்னே வருகிறது. நிற்கும் அந்தக் கணத்தில் வேகம் சுழி. திரவமோ நீர்த்தது, வேகமாகத் தேய்க்கும்போது இன்னும் நீர்த்துப் போவது. எல்லாம் சாதகமாக இருந்தாலும் கிடைக்கும் படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். ஒரு சிவப்பணுவின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவு. கடையில் வரிசையில் நின்றுவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தாலே அந்தப் படலம் பிதுங்கி வெளியேறியிருக்கும். உலோக முகடுகள் ஒன்றையொன்று உரசும்.

ஆகவே திரவப் படலம் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதிக்கு, பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு எளிதில் பிதுங்காத ஏதோ ஒன்று வேண்டும். பொறியாளர்கள் இதனை எல்லை உயவு என்பார்கள்.

சார்ன்லியின் வழி

இந்தச் சிக்கலை முதலில் நேராக எதிர்கொண்டவர் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்து ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. அக்காலத்தில் பாரிஸைச் சேர்ந்த ஜூடே சகோதரர்கள் உருவாக்கிய அக்ரிலிக் பந்தைச் சிலருக்குப் பொருத்தியிருந்தனர். அப்படி ஒரு நோயாளியின் இடுப்பு கிறீச்சிட்ட ஒலியைத் தாங்க மாட்டாமல் அவர் மனைவி ஒதுங்கிப்போகும் நிலை வந்தது என்றும், சார்ன்லியின் சிந்தனையைத் தூண்டியது அதுவே என்றும் சொல்லப்படுகிறது. கிறீச்சொலி என்றால் உராய்வு மிகுதி என்று பொருள். மூட்டுத் திரவத்தை நம்ப முடியாது, தானே வழுக்கும் பொருளைக் கிண்ணமாக வைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

முதலில் டெஃப்ளானைத் தேர்ந்தெடுத்தார். நம் வீட்டு ஒட்டாத வாணலியில் பூசும் அதே பொருள். வழுக்கியது உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் எஃகுப் பந்து அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே சென்றது. உதிர்ந்த துகள்களால் சுற்றிலும் திசு வீங்கியது. ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்திய பிறகு வந்த தோல்வி இது. துகளின் தன்மையை அறிய, டெஃப்ளானைத் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார் சார்ன்லி. 1962இல் மிகையெடைப் பாலிஎதிலீனுக்கு மாறினார். விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்த அந்தப் பிளாஸ்டிக் துண்டில் முதலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் அதைத் தேய்ப்பு எந்திரத்தில் ஏற்றினார். அது தேயவே மறுத்தது. இன்றைய இடுப்பு மூட்டுகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வின் வழித்தோன்றல்கள். கல்லூரிப் பாடங்களில் சார்ன்லியின் பெயர் மட்டும் வருகிறது. அந்த எந்திரத்தை ஓட்டியவரின் பெயரும் வரலாம் என்பது என் எண்ணம்.

உலோகம் உலோகத்தோடு

பிளாஸ்டிக்குக்கு முன்பே உலோகக் கிண்ணம் வந்துவிட்டது. 1938இல் லண்டனில் ஃபிலிப் வைல்ஸ் துருப்பிடிக்காத எஃகில், அதாவது நாம் எவர்சில்வர் என்று சொல்லும் உலோகத்தில், பந்தும் கிண்ணமும் செய்து பொருத்தினார். பின்னர் நாரிச் நகரத்தின் மெக்கீயும் ஃபேரரும் கோபால்ட்-குரோமியக் கலவையில் செய்த மூட்டு பரவலாகப் பயன்பட்டது. அவற்றின் வரலாறு விசித்திரமானது. சில மூட்டுகள் ஓரிரு ஆண்டில் இறுகித் தளர்ந்தன. வேறு சிலவோ இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தன. அவற்றைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது ஆண்டுக்குச் சில மைக்ரோமீட்டர் அளவுக்குத்தான் தேய்ந்திருந்தன. பிளாஸ்டிக் தேய்வதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது.

இந்த வியப்புதான் 1980களின் இறுதியில் உலோக மூட்டுக்கு மறுவாழ்வு தந்தது. ரெய்னால்ட்ஸின் கணக்கும் துணைக்கு வந்தது. பந்து பெரிதானால் அதே கோணத்தில் அசையும்போது பரப்பு விரைவாக வழுக்கும், திரவப் படலம் தடிக்கும். சார்ன்லியின் பந்து 22 மில்லிமீட்டர்தான். அவர் உராய்வின் திருப்புவிசையைக் குறைக்கவே சிறியதாக வைத்தார். புதிய உலோக மூட்டுகளின் பந்து 40, 50 மில்லிமீட்டர் என வளர்ந்தது. பெரிய பந்து எளிதில் கழன்று விலகாது என்பதால் இளவயது நோயாளிகளுக்கு உகந்தது என்றும் கருதினர். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

கரிப் படலம்

உடலிலிருந்து எடுக்கப்பட்ட உலோக மூட்டுகளின் தேய்ந்த பகுதியில் மங்கலான ஒரு பூச்சு திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் நெடுநாளாகவே கண்டிருந்தனர். துடைத்தால் போகாத பூச்சு. மூட்டுத் திரவத்தின் புரதங்கள் உருக்குலைந்து படிந்தவை, வெந்த முட்டையின் வெள்ளை போல, என்று எண்ணினர். அது பொருத்தமான ஊகமும்கூட. புரதம் இல்லாமல் வெறும் நீரில் சோதித்தால் மூட்டு உடலில் நடப்பது போல் நடந்துகொள்வதில்லை என்பதால்தான், ஆய்வகத்தில் மூட்டுகளை ஓட்டிப் பார்க்கும் எந்திரங்களில் நீர்த்த கன்றுக்குட்டிச் சீரத்தை ஊற்றுகிறார்கள்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையம், ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இந்தப் பூச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து அணு அமைப்பு வரை பார்த்தனர். லாரன்ஸ் மார்க்ஸ், ஜோசுவா ஜேக்கப்ஸ், மார்கஸ் விம்மர், ஆல்ஃபன்ஸ் ஃபிஷர் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். அவர்களது முடிவு 2011இல் சயின்ஸ் இதழில் வெளியானது. பூச்சில் கணிசமான பகுதி புரதம் அல்ல, கிராஃபைட் போன்ற கார்பன்.

கிராஃபைட் என்றால் பென்சிலின் கரிதான். அதில் கார்பன் அணுக்கள் தாள்தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளுக்குள்ளும் பிணைப்பு வலுவானது, தாளுக்கும் தாளுக்கும் இடையில் மிக மெலிது. சீட்டுக்கட்டைத் தள்ளினால் சரிவது போல் ஒன்றின் மேல் ஒன்று சரியும். திண்டுக்கல் பூட்டு இறுகினால் பென்சிலைச் சுரண்டிய தூளைச் சாவித்துளையில் போடும் வழக்கம் பலருக்கும் தெரியும். மசகு என்ற சொல்லே முன்பு வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்து மாட்டுவண்டி அச்சில் இட்ட மையைக் குறித்ததுதான். கரியும் எண்ணெயும் சேர்ந்த அந்தப் பழைய பக்குவத்துக்கும், கரியும் மூட்டுத் திரவமும் சேர்ந்த இந்தப் புதியதற்கும் கொள்கையில் பெரிய வேற்றுமை இல்லை.

இந்தக் கரியை யாரும் பூசவில்லை. மூட்டுத் திரவத்தின் புரதங்கள் உலோகத்தில் ஒட்டுகின்றன. பளுவும் உராய்வும் அவற்றைத் திரும்பத்திரும்ப நசுக்கிச் சிதைக்கின்றன. புரதத்தில் உள்ள கார்பன் உலோகத்தின் மேல் மிஞ்சி, தேய்க்கத்தேய்க்கத் தாள்தாளான அமைப்பைப் பெறுகிறது. புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவதை நினைத்துக்கொள்ளலாம். முதல் சில தோசைகள் ஒட்டும், பிய்யும். எண்ணெய் காய்ந்து படிந்த கருமை ஏறிய பிறகு வழுவழுவென்று எழும்பும். கல்லில் அந்த வேலையைச் செய்வது வெப்பம், மூட்டில் தேய்ப்பு. அவ்வளவே வேறுபாடு, படிவின் வேதியியல் ஒன்றல்ல என்றாலும். உலோக மூட்டுகள் முதல் 10 லட்சம் அசைவுகளில் அதிகமாகத் தேய்ந்து, அதன்பின் தேய்வு வெகுவாகக் குறைவதும் இதோடு பொருந்துகிறது. அந்தப் பழகும் காலத்தில் பந்தும் கிண்ணமும் ஒன்றுக்கொன்று வடிவத்திலும் ஒத்துப்போகின்றன. மேற்புறத்து உலோகப் படிகங்கள் மிக நுண்ணியவையாக நொறுங்கி, உடலின் கார்பனும் அவற்றோடு கலந்துவிடுகிறது.

இன்னொரு பொருத்தம். கிராஃபைட் வழுக்குவதற்கு ஈரம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த வானூர்திகளின் மின்னாக்கிகளில் கார்பன் தூரிகைகள் விரைவில் பொடியாய் உதிர்ந்தன. உயரத்தின் வறண்ட காற்றில் நீராவி இல்லாததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. உடலுக்குள் ஈரத்துக்குக் குறைவே இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பின் வியப்பு எதில் என்றால், இயற்கை மூட்டைப் பார்த்துப் போலச்செய்ய முயன்ற மருத்துவம், கடைசியில் மோட்டார் எந்திரத்தின் உருளையில் படிவதைப் போன்ற ஒரு படலத்தால் காப்பாற்றப்பட்டிருக்கிறது. உடல் தன்னிடம் இருந்த புரதத்தைக் கொடுத்தது. உலோகம் அதைக் கரியாக்கிக்கொண்டது.

படலம் கிழிந்தால்

இதைப் படித்துவிட்டு உலோக மூட்டே சிறந்தது என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கரிப் படலம் பந்தும் கிண்ணமும் தொடும் இடத்தில் திட்டுகளாகத்தான் உள்ளது. கிண்ணம் செங்குத்தாகச் சாய்த்துப் பொருத்தப்பட்டாலோ, அதன் ஆழம் குறைவாக இருந்தாலோ, பந்தின் பளு முழுவதும் கிண்ணத்தின் விளிம்பில் விழுகிறது. விளிம்பில் திரவம் சேராது, கரியும் தங்காது. உலோகம் உலோகத்தைச் சுரண்டும்.

சுரண்டலின் கேடு தேய்வோடு நிற்பதில்லை. கோபால்ட்-குரோமியக் கலவையைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் தானே உருவாகும் குரோமியம் ஆக்சைடு. ஒவ்வொரு சுரண்டலும் அதைக் கிழிக்கிறது. உப்புநீரான உடல் திரவம் அம்மண உலோகத்தை அரிக்கிறது. உதிரும் துகள்கள் எண்ணிக்கையில் ஏராளம், அளவில் நானோமீட்டர்கள். கோபால்ட், குரோமியம் அயனிகள் இரத்தத்தில் கலக்கின்றன. மூட்டைச் சுற்றித் திசு அழிந்து, கட்டி போன்ற வீக்கங்கள் தோன்றுகின்றன. மிக அரிதாக, கோபால்ட் அளவு மிகவும் உயர்ந்தவர்களுக்கு இதயம், தைராய்டு, செவி, பார்வை ஆகியவையும் பாதிக்கப்பட்டுள்ளன.

பெரிய பந்தின் கணக்கு தவறிய இடமும் இதுதான். டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்னும் பெரும்பந்து மூட்டின் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. விளிம்புப் பளுவுக்கு எளிதில் இடம் கொடுத்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் சுமார் 12 முதல் 13 விழுக்காட்டினருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை இங்கிலாந்து-வேல்ஸ் மூட்டுப் பதிவேடு காட்டியது. 2010 ஆகஸ்டில் அந்த மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் அதைப் பொருத்திக்கொண்டவர்கள் இருந்தனர். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2018இல் அவர்களுக்கான இழப்பீட்டு முறை வகுக்கப்பட்டது. படலத்தைத் தடிமனாக்கும் கணக்கு பொய்யில்லை. கிண்ணம் சரியான கோணத்தில் அமர்ந்து, பளு நடுவில் விழும்போதுதான் அது செல்லும். மனித உடலில் பத்துப் பாகை சாய்வு தவறுவது அரிதல்ல.

எண்ணெயும் ஊசியும்

மூட்டு மாற்றியவர்களின் குடும்பத்தார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தினமும் எண்ணெய் தேய்த்தால் மூட்டு வழுக்குமா? தோலின் மேல் தேய்க்கும் எண்ணெய் இடுப்பு மூட்டுக்குள் போய்ச் சேராது. தசைக்கு இதமாக இருக்கலாம், அதுவும் புண் முழுதும் ஆறிய பிறகு மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்குப் போடும் ஹைலுரோனிக் அமில ஊசியும் செயற்கை மூட்டுக்கு உரியதன்று. செயற்கை மூட்டுக்குள் தேவையின்றி ஊசி செலுத்தினால் கிருமித் தொற்று ஏற்படும் ஆபத்து உண்டு. தொற்று புகுந்தால் மூட்டையே கழற்ற நேரிடலாம்.

பொருத்தப்பட்டது எந்த வகை மூட்டு என்பது அறுவைக் குறிப்பிலும், மூட்டின் பெட்டியிலிருந்து எடுத்துக் கோப்பில் ஒட்டும் சீட்டிலும் இருக்கும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது அதன் படி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உலோகத்தின் மேல் உலோகம் வகை என்றால், வலி இல்லாவிட்டாலும் குறித்த கால இடைவெளியில் இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்கச் சொல்வார்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு 2010இல் வரையறுத்தது. தொடை இடுக்கில் புதிதாக வலி, வீக்கம், நடக்கையில் சொடுக்கு அல்லது கிறீச்சொலி தோன்றினால் அடுத்த சோதனை நாள் வரை காத்திராமல் எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.